வட்டத்தில் ஒரு நெளிவு

நான் பிழைக்க வந்த மராட்டி ஊரில், கட்கிப் பக்கம் ஒரு சின்னப் பட்டறை. அதில் பித்தளைத் தகட்டை வட்டமாக வெட்டும் மெஷின் என் பொறுப்பு. நான் தகட்டை வைப்பேன், பட்டனை அமுக்குவேன். மற்றதைப் பக்கத்தில் இருக்கும் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளும். அது ஒரு மின்துடிப்பு அனுப்பினால் மோட்டார் ஒரு மயிரிழை நகரும். துடிப்பு சீராக வந்தால் வட்டம் வட்டமாக வரும்.

சீராக ஓடும்போது ஒரு முனகல் கேட்கும். மதியத்தில் கூரை ஓட்டை வழியாக வெயில் இறங்கும். அதில் பித்தளைத் தூள் மிதக்கும். நான் கண்ணை மூடிக்கொண்டு கேட்பேன். அது தூக்கமில்லை. தண்ணீருக்கு அடியில் உட்கார்ந்திருக்கிற மாதிரி.

திடீரென்று அந்த முனகலில் ஒரு விக்கல். அவ்வளவுதான். வட்டத்தில் ஒரு நெளிவு விழுந்திருக்கும். தகடு வீண்.

யாராவது மவுஸைத் தொட்டால் விக்குகிறது என்று கொஞ்ச நாளில் தெரிந்துகொண்டேன். வெட்டும்போது அதன்மேல் என் டிபன் மூடியைக் கவிழ்த்து வைப்பேன். பக்கத்து லேத்காரன், மராட்டிக்காரன், உடனே கத்துவான்: "அண்ணா ஆரத்தி ஆரம்பிச்சாச்சு, எல்லாரும் எழுந்து நில்லுங்க!" சிரிப்பார்கள். ஆனாலும் கையைக் கட்டிக்கொண்டுதான் நிற்பார்கள்.

பட்டறை முதலாளி சேட் புதுக் கம்ப்யூட்டர் வாங்கினார். பழையதைவிட ரொம்ப வேகம் என்றார். விக்கல் கூடியது. மவுஸை மூடியும் நிற்கவில்லை.

"அரே அண்ணா, கம்ப்யூட்டர் புதுசு. அப்ப உன் கைதான் சரியில்ல. திங்கக்கிழமையிலேர்ந்து பேக்கிங்குக்குப் போயிடு" என்றார் சேட்.

பேக்கிங்கில் அட்டைப்பெட்டியும் டேப்பும்தான். அங்கே முனகல் கேட்காது.

சனிக்கிழமை சேட்டின் மகள் சொல்லி ஒரு பெண் கம்ப்யூட்டரைப் பார்க்க வந்தாள். கராடியில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை, சொந்த ஊர் கோயமுத்தூர். நான் தமிழ் என்று தெரிந்ததும் ஸ்டூலை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"எப்பங்கண்ணா விக்குது?"

"மின்ன மவுஸ தொட்டா விக்கும்மா. இப்ப யாரும் தொடாமயே விக்குது."

"காதுலயே புடிச்சுட்டீங்களா?"

"வேற இன்னா கீது எங்கையில?"

சிரித்தாள். பிறகு சொன்னாள்: "இந்தக் கம்ப்யூட்டருக்கு உங்க மெஷினும் ஒண்ணுதான், மவுசும் ஒண்ணுதானுங்க. யார் கூப்புட்டாலும் ஓடும். வேலை இல்லீன்னா கரண்டு மிச்சம் பண்ணத் தூங்கிரும். அது எந்திரிக்கறதுக்குள்ள உங்க துடிப்பு தவறிப்போகுது. வேகம் இருந்து என்னங்க பண்றது? சொன்ன நேரத்துக்கு வரோணும்."

கம்ப்யூட்டருக்குள் நாலு மூளை இருக்கிறதாம். ஒன்றை மெஷினுக்கு மட்டும் என்று பிரித்து வைத்தாள். அதைத் தூங்கவிடாமல் செய்தாள். மெஷின் கூப்பிட்டால் மற்ற வேலைகள் ஒதுங்கி நிற்கும்படி சிஸ்டத்தையே மாற்றிப் போட்டாள். மதியம் ஆகிவிட்டது.

"இப்ப மவுஸ ஆட்டுங்கண்ணா."

"வெட்றப்பவா? வேணாம்மா."

"பாட்டு, படம் எல்லாத்தையும் போட்டு உடறேன். ரொம்ப மோசமா எவ்வளவு நேரம் பிந்துதுன்னு பாக்கோணும். நூத்துக்குத் தொண்ணூத்தொம்பது சரியா வந்து புண்ணியமில்லீங்க. மிச்சம் ஒண்ணுலதான் நெளிவு விழுகுது."

சேட் பின்னால் வந்து நின்றார். தகட்டை வைத்துப் பட்டனை அமுக்கிவிட்டு மவுஸைப் பிடித்தேன். திரையில் நாலு படம் ஓடியது, பாட்டு அலறியது. நான் மவுஸை இழுத்துக்கொண்டே இருந்தேன். திரை ஓரத்தில் பிந்திய நேரத்தைக் காட்டும் எண் கொஞ்சம் ஏறி, அப்படியே நின்றுவிட்டது. பாட்டுக்கு அடியில் முனகல் அறுபடாமல் ஓடியது. வெளிச்சத்தில் தூள் மெல்லச் சுற்றியது. எவ்வளவு நேரமோ தெரியவில்லை.

தகட்டை எடுத்து சேட் விளிம்பில் நகத்தை ஓட்டினார். ஒரு சுற்று. இன்னொரு சுற்று. நகம் எங்கேயும் தட்டவில்லை.

"திங்கக்கிழமை நிறையத் தகடு வருது. நீயே வெட்டு" என்றார்.

என் கை சரியில்லை என்ற பேச்சை அவர் எடுக்கவில்லை. நான் டிபன் மூடியை எடுத்துப் பையில் போட்டேன்.

வீட்டுக்குப் போகும் விஷ்ராந்த்வாடி பஸ்ஸில் ஜன்னல் ஓரம் கிடைத்தது. விக்கல் கூடியதிலிருந்து ஒழுங்கான தூக்கமில்லை; உட்கார்ந்ததும் கண் அசந்துவிட்டது. கண்டக்டர் தோளைத் தட்டியபோது என் ஸ்டாப் எப்போதோ போய்விட்டிருந்தது. இறங்கி, ஆளந்தி ரோட்டில் வந்த வழியே வீட்டுக்கு நடந்தேன்.