வில்லியின் கைப்பெட்டி

வில்லி என்ற பேரை நான் முதலில் கேட்டது எங்கள் வீட்டுச் சமையலறையில், வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தபோது. தம்பிக்குப் பெண் பார்த்துவிட்டு வந்த என் வீட்டுக்காரர், "உனக்கு ஓரகத்தியா ஒரு வில்லி வரப்போறா, ஜாக்கிரதையா இருந்துக்க" என்றார். உரித்த வெங்காயத்தை அப்படியே போட்டுவிட்டு நிமிர்ந்து பார்த்தேன். கொஞ்ச நேரம் என் முழியை ரசித்துவிட்டு, பிறகுதான் விஷயத்தைச் சொன்னார். பெண் வயலின் வாசிக்கிறவள். எந்நேரமும் கையில் வில்லோடு திரிந்ததால் கூடப்பிறந்த அண்ணன் வைத்த பட்டப்பேர் அது. வந்து சேர்ந்தவளோ எண்ணி நாலு வார்த்தை பேசுகிறவள். ஆனாலும் அந்தப் பேர் ஒட்டிக்கொண்டது.

சினிமாப் பாட்டுப் பதிவு செய்கிற ஸ்டுடியோவில் அவளுக்கு வேலை. வரிசை வரிசையாக முப்பது வயலின் உட்காரும். அவள் கடைசி வரிசை. பக்கத்து நாற்காலியில் அண்ணன். இரண்டு பேருக்கும் இசைத்தாள் வைக்க ஒரே ஸ்டாண்டு. பக்கம் முடிகிற இடத்தில் அண்ணன் வில்லை நிறுத்திவிட்டுத் தாளைத் திருப்புவார். அந்த இரண்டு நொடி அவள் இரண்டு பேருக்குமாக வாசிக்க வேண்டும். இப்படியே முப்பத்தொரு வருடம்.

ரேடியோவில் அந்தப் பாட்டெல்லாம் வரும்போது, இதில் உன்னுடையது எது என்று கேட்பேன்.

"தனியா கேக்குதாக்கா?"

"இல்லையே."

"அப்ப சரியா வாசிச்சிருக்கேன்."

முப்பது பேர் வேலையை ஒரு மெஷினே செய்யும் என்று ஆனபோது ஸ்டுடியோ அவர்களைக் கூப்பிடுவதை விட்டுவிட்டது. அண்ணன் வெளியூரில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போய்விட்டார். இவள் கொஞ்ச காலம் பள்ளிக்கூடத்தில் வயலின் சொல்லிக்கொடுத்தாள். என் கொழுந்தன் காலமானதும் அதையும் விட்டுவிட்டு, எங்களுக்கு இரண்டு தெரு தள்ளி இருந்த வீட்டில் தனியாக இருந்தாள்.

ஒரு நாள் அண்ணன் மகளிடமிருந்து போன். ஆஸ்பத்திரியிலிருந்து அப்பாவை வீட்டுக்குக் கொண்டுபோகச் சொல்லிவிட்டார்கள், இனி வாரக்கணக்கு இல்லை, நாள் கணக்குதான் என்றாள். பிறகு அவரே போனை வாங்கினார். குரல் அறுந்து அறுந்து வந்ததாம். "பாப்பா, வரும்போது பெட்டியோட வா." அவ்வளவுதான் சொன்னாராம்.

ரயிலில் போனால் ஒன்றரை நாள் ஆகும். விமானத்துக்கு டிக்கெட் எடுத்தோம். அவளைத் தனியாக அனுப்ப மனம் இல்லாமல் நானும் கிளம்பினேன். இரண்டு பேருக்கும் அதுதான் முதல் தடவை. அவளுடைய பயமெல்லாம் வயலின் பெட்டியைப் பற்றித்தான். மூட்டையோடு மூட்டையாகக் கீழே தூக்கிப் போட்டுவிடுவார்களோ, கையிலேயே கொண்டுபோக விடுவார்களோ என்று நாலு பேரிடம் கேட்டுவிட்டாள். எனக்கு இருந்தது வேறு பயம். எங்கள் தெருவுக்குக் கரண்ட் கம்பி ரிப்பேர் பார்க்க வருகிறவர் ஒரு தடவை சொல்லியிருந்தார், குளிரில் கம்பி சுருங்கும், அதனால்தான் தொய்வாகவே கட்டுவோம், இழுத்துக் கட்டினால் அறுந்துவிடும் என்று. விமானம் பறக்கிற உயரத்தில் கடுங்குளிர் என்று யாரோ சொல்லியும் கேட்டிருந்தேன். அன்று காலை அவள் குளிக்கப் போனபோது பெட்டியைத் திறந்து, வயலின் தலையில் கம்பி சுற்றியிருக்கும் நாலு முடுக்கையும் திருகி, கம்பிகளை நன்றாகத் தளர்த்திவிட்டேன். மூடியதும் மனசு நிம்மதியானது. அவளிடம் சொல்லத் தோன்றவில்லை. நல்ல காரியம் செய்தால் சொல்லிக்காட்டுவானேன் என்று இருந்துவிட்டேன்.

விமான நிலையத்தில் சோதனை செய்கிற இடத்தில், உள்ளே என்ன என்று கேட்டார்கள். "ஒரு வயலின், ரெண்டு வில்லு" என்றாள் இவள். அங்கே நின்ற காவலர், "அம்பு எங்கம்மா?" என்றார். பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள்.

"எய்யிறதுக்கு இல்லப்பா, இழுக்கிறதுக்கு" என்றாள்.

அவரும் சிரித்துக்கொண்டேதான் வயலினை வெளியே எடுத்தார். லேசாகச் சாய்த்தார். உள்ளே ஏதோ உருண்டது. சிரிப்பு நின்றுவிட்டது. மறுபடியும் சாய்த்தார். மறுபடியும் உருண்டது. மேலதிகாரியைக் கூப்பிட்டார்கள். எங்களைத் தனியாக உட்கார வைத்தார்கள். விளக்கை உள்ளே அடித்து அடித்துப் பார்த்தார்கள்.

வில்லி உருண்டதைப் பார்க்கவில்லை. தொங்குகிற நாலு கம்பியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு நிதானமாக அந்த அதிகாரிக்கு எடுத்துச் சொன்னாள். வயலினுக்குள்ளே விரல் நீளத்துக்கு ஒரு மரக்குச்சி நிற்கும். அதற்குப் பசை கிடையாது, ஆணி கிடையாது. கம்பிகளின் இறுக்கம் மேலிருந்து அழுத்துவதால்தான் அது நிற்கிறது. நாலு கம்பியும் ஒரே நேரத்தில் தளர்ந்தால் விழுந்துவிடும். மேல்பலகையைத் தாங்குவது அந்தக் குச்சிதான்.

"யாரும்மா தளர்த்தினது?"

"பயணம்னு தளர்த்தினதுதான் சார்" என்றாள். யார் என்று சொல்லவில்லை. என் பக்கம் திரும்பவும் இல்லை.

விட்டுவிட்டார்கள். கடைசி ஆளாக ஓடி ஏறினோம். தலைக்கு மேல் இருந்த தட்டெல்லாம் நிரம்பியிருந்தது. பணிப்பெண் பெட்டியைக் கீழே சாமானோடு போடலாம் என்று கையை நீட்டினாள். இவள் பெட்டியைக் கட்டிக்கொண்டு நின்றாள். மூன்றாவது வரிசையில் இருந்த ஒரு பெரியவர் எழுந்து, தன் பையை எடுத்துக் காலடியில் வைத்துக்கொண்டு இடம் விட்டார். எந்த ஊர்க்காரரோ, நன்றாக இருக்கட்டும்.

அண்ணன் மகள் வீட்டில் முன்னறையில்தான் கட்டில். மனிதர் துணி காயப்போட்ட கம்பி மாதிரி இருந்தார். இவளைப் பார்த்ததும் கண் பெட்டிக்குப் போனது. குச்சியை நிறுத்த வேண்டுமென்றால் அதற்கென்று வளைந்த கம்பியும் பழகிய கையும் வேண்டும். கடை தேடிக் கொடுத்தால் ஆள் நாளைக்கு வாருங்கள் என்பான். அவருடைய மூச்சைக் கேட்டவர்கள் நாளை என்று எதையும் சொல்ல மாட்டார்கள்.

என்னைச் சமையலறைக்கு அழைத்து மெதுவாகச் சொன்னாள். "குச்சி இல்லாம இப்படியே முடுக்கினா மேல்பலகை உள்ள அமுங்கிடும்க்கா."

"அப்ப வேண்டாம். பேசிட்டு மட்டும் இரு."

"அவர் பேசவா கூப்பிட்டார்?"

திரும்பிப் போய்க் கட்டிலருகில் உட்கார்ந்தாள். கம்பிகளைத் தாங்குகிற, குதிரை என்று சொல்கிற சின்ன மரத்துண்டு சாய்ந்து கிடந்ததை நிமிர்த்தி, கம்பிகளை ஒவ்வொன்றாக முடுக்கினாள். முழு இறுக்கம் வைக்கவில்லை, முக்கால்தான். வாசிக்க ஆரம்பித்தாள். மூடிய கதவுக்குப் பின்னால் யாரோ முனகுவது போல இருந்தது. என்ன பாட்டென்றே எனக்குத் தெரியவில்லை. பாட்டுக்கு அடியில் ஓடுகிற, கடைசி வரிசைக்காரர்கள் வாசிக்கிற பகுதி அது. நடுவில் சின்னதாக "டிக்" என்று ஒரு சத்தம் கேட்டது. ஆனால் வில் நிற்கவில்லை.

அவர் கண்ணை மூடியிருந்தார். தூங்கிவிட்டார் என்று நினைத்தேன். ஓரிடத்தில் அவருடைய வலது கை மெல்ல எழுந்தது. போர்வையின் ஓரத்தை இரண்டு விரலால் பிடித்து, ஒரு மடிப்புத் திருப்பிப் போட்டது. மறுபடி அப்படியே கிடந்தது. தாள் திருப்புகிறார் என்று எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. அவளுக்கு அந்தக் கொஞ்ச நேரமும் தேவைப்படவில்லை. அந்த இரண்டு நொடியும் வில்லை அழுத்தி இழுத்தாள்.

முடிந்ததும் அவர், "கேக்கவே இல்ல பாப்பா" என்றார்.

"சரியா வாசிச்சிருக்கேன்" என்றாள்.

மூன்றாம் நாள் காலையில் அவர் போய்விட்டார். திரும்பும்போது விமான நிலையத்தில், மேல்பலகையில் விரிசல் விழுந்த வயலின் இருந்த அந்தப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவளிடம், தளர்த்தியது நான்தான் என்று சொல்லிவிட்டேன்.

"தெரியும்க்கா. நான் தளர்த்தினா அரைச்சுத்துல நிறுத்துவேன். நீங்க துணிக்கொடி அவுக்கிற மாதிரி அவுத்திருந்தீங்க."

"அங்கேயே சொல்லியிருக்கலாமே."

"சொன்னா நீங்க பிளேன்ல ஏறியிருக்க மாட்டீங்க. எனக்குத் தனியாப் போக பயம்."

ஊர் வந்ததும் பலகையை ஒட்டி, குச்சியை நிறுத்திக் கொடுத்தார்கள். சத்தம் பழையபடி இல்லை என்கிறாள். எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. இப்போது அவள் எங்கள் வீட்டு மாடி அறையில்தான் இருக்கிறாள்.