தலைக்கு ஊத்திக்கினது எப்போ?

போன மாதம் என் தம்பி மகள் திவ்யாவோடு ஆவடியில் ஒரு ஸ்கேன் சென்டருக்குப் போயிருந்தேன். அவள் சேக்காட்டில் குடியிருக்கிறாள். புருஷன் ஷிஃப்டுக்குப் போய்விட்டான், துணைக்கு வா அத்தை என்றாள். போனேன். கண்ணாடிக் கதவு, ஏசி, சுவர் முழுக்கக் கொழுகொழுவென்று வெள்ளைக் குழந்தைகளின் படம். நம் பக்கத்தில் எவளுக்கும் அப்படி ஒரு குழந்தை பிறந்து நான் பார்த்ததில்லை. கவுண்டரில் இருந்த பெண் ஒரு காகிதக் கப்பை நீட்டி, "நிறைய தண்ணி குடிங்க மேடம், முட்டினதும் சொல்லுங்க. ரொம்ப முடியலைன்னா ரெஸ்ட் ரூம் லெஃப்ட்ல இருக்கு" என்றாள்.

திரும்பிப் பார்த்தேன். இருந்தது. பூட்டு இல்லை. எனக்கு அப்படி ஒரு ஆத்திரம் வந்தது. ஒரு கக்கூஸ் திறந்திருப்பதைப் பார்த்து வயிறெரிந்த பொம்பளை உலகத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். சிரிக்காதீர்கள். காரணம் இருக்கிறது.

நான் கல்யாணமாகி மண்ணூர்பேட்டைக்கு வந்த புதிதில், பக்கத்து இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஓர் எக்ஸ்போர்ட் கம்பெனியில் சட்டைக்குக் காலர் தைத்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்காரர் லேத் பட்டறையில். பிள்ளை வரவில்லை. வராதது எனக்கு உறுத்துவதற்கு முன்னால் ஊருக்கு உறுத்திவிட்டது. என் மாமியார் திருமழிசைக்காரி. அந்தப் பக்கத்துச் சொந்தக்காரி எவளோ பூந்தமல்லியில் ஒரு லேடி டாக்டரைப் பற்றிச் சொல்லியிருக்கிறாள். கைராசிக்காரியாம். தொட்டால் தங்குமாம். மாமியார் என்னை பஸ்ஸில் ஏற்றிவிட்டாள்.

அந்த க்ளினிக்கின் வாசனை இன்றும் என் மூக்கில் இருக்கிறது. பினாயில், ஈரப் புடவை, யாரோ பொட்டலம் கட்டிக்கொண்டு வந்த எலுமிச்சை சாதம். மூன்றும் கலந்தால் எப்படி இருக்கும் என்று நினைத்துக்கொள்ளுங்கள். இன்றைக்கும் கல்யாண வீட்டில் எலுமிச்சை சாதம் போட்டால் இலையை மடித்துவிட்டு எழுந்துவிடுவேன். சம்பந்தி வீட்டார் கோபித்துக்கொள்கிறார்கள். கோபித்துக்கொள்ளட்டும்.

கருமுட்டை வளர்ந்திருக்கிறதா என்று பார்க்க மாசத்தில் பாதி நாள் ஸ்கேன். மூத்திரப்பை நிரம்பியிருந்தால்தான் படம் தெரியும். அதனால் பெண்களெல்லாம் பெஞ்சில் உட்கார்ந்து பாட்டில் பாட்டிலாகத் தண்ணீர் குடிப்போம். டாக்டரம்மா வர நேரமாகும். இடையில் எவளாவது போய்விட்டால் மறுபடி முதலிலிருந்து குடிக்க வேண்டும். அதற்கு அந்த மகராசி கண்டுபிடித்த வழி என்ன தெரியுமா? கக்கூசைப் பூட்டி, சாவியைக் கவுண்டரில் உட்கார்ந்திருந்த சிஸ்டரிடம் கொடுத்துவிட்டாள். அந்த சிஸ்டர் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு வாரப் பத்திரிகை படிப்பாள்.

ஒருநாள் என் பக்கத்தில் இருந்த பருத்த உடம்புக்காரி ஒருத்தி எழுந்து போய்க் கவுண்டரைத் தட்டினாள். "யக்கா, சாவி குடு. முட்டிக்கினு கீது."

"ஸ்கேன் முடியட்டும்மா."

"எப்போ முடியும்? டாக்டரே வர்ல."

"வருவாங்க. அடக்கிக்கோ."

"அடக்கிக்கிறதுக்கு நான் இன்னா தண்ணி லாரியா? வாய மூடிக்கினு நிக்க? இப்ப குடுக்கிறியா, இல்ல உன் சேர் மேலயே ஏறி குந்தட்டுமா?"

பெஞ்சு மொத்தமும் சிரித்தது. சிரிக்கவும் முடியவில்லை. சிரித்தால் போய்விடும். தொடையை இறுக்கிக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர, இருமுகிற மாதிரி சிரித்தோம். சிஸ்டர் சாவி கொடுக்கவில்லை. அவள் ஏறி உட்காரவும் இல்லை. நம் வீரமெல்லாம் அவ்வளவுதான். நான் அப்போது வாயே திறக்காதவள் என்று சொன்னால் என்னைத் தெரிந்த யாரும் நம்பமாட்டார்கள். நம்புங்கள். ஒரு மூலையில் கால்மேல் கால் போட்டுக்கொண்டு, மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு, செத்த மாதிரி உட்கார்ந்திருப்பேன்.

டாக்டரம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவளிடம் இரண்டு தமிழ் இருந்தது. பேங்க்கில் வேலை பார்க்கிற பெண்கள் போனால், பாதி இங்கிலீஷில், "உங்க பீரியட்ஸ் ரெகுலரா?" என்று கேட்பாள். எங்களைப் போல ஆட்கள் போனால் குரலை இறக்கி, கழுத்தைச் சாய்த்து, "இன்னாமா, சாப்ட்டியா? ஊட்ல எல்லாம் நல்லா கீறாங்களா?" என்பாள். ஜனங்களோடு ஜனமாகப் பழகுகிறாராம். பெண்களும் மயங்கிப்போவார்கள். எனக்கு அப்போதே பிடிக்காது. எங்களுக்கு 'பீரியட்ஸ்' புரியாது என்று இவளுக்கு யார் சொன்னது? கம்பெனியில் நாங்கள் ஆம்பளை சூப்பர்வைசரிடமே, "பீரியட்ஸ் சார், பாத்ரூம் போணும்" என்று சொல்லிவிட்டுத்தான் மெஷினை விட்டு எழுவோம்.

இன்னொரு வழக்கமும் இருந்தது. மாமியாரோடு போனால் கேள்வியெல்லாம் மாமியாருக்குத்தான். "பசி எடுக்குதா அவளுக்கு? வெளிக்கு ஒழுங்கா போறாளா?" மாட்டு ஆஸ்பத்திரியிலும் இப்படித்தான் கேட்பார்கள், மாட்டுக்காரனிடம். மாடு சும்மா நிற்கும்.

அந்த மாத்திரையும் ஸ்கேனும் வெறுத்துப்போய் நடுவில் நான் போவதை நிறுத்திவிட்டேன். வீட்டில் அதற்கும் சண்டை. சில மாசம் கழித்து ஒருநாள் காலையில் அடிவயிற்றில் ஒரு பக்கமாகக் குத்தியது. குனிந்தால் நிமிர முடியவில்லை. "சூடு. உடம்பு சூடு. நாள் பூரா அந்த மெஷின் மேல குந்திக்கினே கீற, வேற இன்னா வரும்?" என்றாள் மாமியார். மோர் கரைத்துக் கொடுத்தாள். தொப்புளில் விளக்கெண்ணெய் வைத்தாள். கேட்கவில்லை. மறுபடி அந்த க்ளினிக்குக்கே கூட்டிக்கொண்டு போனாள்.

என்னைத் திரைக்குப் பின்னால் கட்டிலில் படுக்கவைத்துவிட்டார்கள். மாமியார் மேஜைக்கு எதிரில். திரைக்கு அந்தப் பக்கம் டாக்டரம்மாவின் ஜனங்க குரல் கேட்டது.

"தலைக்கு ஊத்திக்கினது எப்போ?"

"போன வெள்ளிக்கெழம டாக்டரம்மா" என்றாள் மாமியார், பெருமையாக.

"கரெக்டா தெரியுமா?"

"நாந்தான் சீயக்கா கரைச்சிக் குடுத்தேன். எனக்குத் தெரியாதா?"

நானும் கேட்டுக்கொண்டுதான் படுத்திருந்தேன். எனக்கு ஒன்றும் வித்தியாசமாகப் படவில்லை. காலையிலிருந்து வீட்டில் சூடு, சூடு என்றுதான் பேச்சு. எண்ணெய் தேய்த்துத் தலைக்கு ஊற்றிக்கொண்டால் சூடு தணியும். டாக்டரம்மாவும் அதைத்தான் கேட்கிறாள் என்று நினைத்தேன். மாமியாரும் அப்படித்தான் நினைத்தாள். அந்த டாக்டரம்மா கேட்டதோ, தூரம் கழிந்து தலை முழுகியது எப்போது என்று. சில வீடுகளில் அப்படிச் சொல்வது உண்டு. மாதவிடாய் என்று வாய் விட்டுச் சொல்லக் கூச்சமாக இருக்கும் வீடுகளில். எங்கள் வீட்டில் இல்லை.

போன வெள்ளிக்கிழமைதான் முழுகினாள் என்றால் கர்ப்பம் இருக்க வழியில்லை. அந்தம்மா ஒரு நிமிஷத்தில் முடித்துவிட்டாள். வயிற்றை ஒரு அழுத்து. "கேஸுமா. காரம் கொறச்சிக்கோ." இடுப்பில் ஒரு ஊசி, கையில் ஒரு கவர் மாத்திரை. ஸ்கேன் இல்லை. பிள்ளை வேண்டும் என்று போனபோது முட்டி முட்டி ஸ்கேன் எடுத்தவள், பிள்ளை இருக்கும்போது எடுக்கவில்லை.

ஆம், இருந்தது. எனக்கு மாசாமாசம் ஒழுங்காக வந்தது கிடையாது. அதனால் இரண்டு மாசம் வராதது எனக்கே உறைக்கவில்லை. அது இருக்க வேண்டிய இடத்தில் இல்லாமல் கருக்குழாயில் தங்கியிருந்தது.

மறுநாளே வேலைக்குப் போனேன். மதியச் சாப்பாட்டு மணி அடிப்பதற்கு முன்னால், காலர் ஒன்றைத் திருப்பிக்கொண்டிருந்தபோது உள்ளே ஏதோ கிழிந்தது. பிறகு தரை. பிறகு என் லைனில் வேலை செய்த பெண்களின் முகங்கள். ஆட்டோவில் போட்டு அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். மாமியாருக்கு யாரோ தகவல் சொல்லி, அவளும் முந்தின நாள் வாங்கிய மாத்திரைக் கவரோடு வந்து சேர்ந்தாள்.

அங்கே ஒரு டூட்டி டாக்டர். சின்னப் பெண், தலை கூடச் சீவவில்லை, தூக்கம் இல்லாத கண். கட்டிலைச் சுற்றி ஆம்பளைகள், பொம்பளைகள், பக்கத்துக் கட்டில்காரியின் சொந்தக்காரர்கள் எல்லாரும் நிற்கிறார்கள். அவள் என் கன்னத்தில் தட்டி, அந்தக் கூட்டம் முழுக்கக் கேட்கிற மாதிரிக் கத்தினாள்.

"ஏம்மா! கீழ ரத்தம் கடைசியா எப்ப வந்துச்சு?"

மாமியார் குறுக்கே வந்தாள். "அவ போன வெள்ளிக்கெழம தான்…"

"உங்களக் கேக்கல, தள்ளுங்க. நீ சொல்லும்மா. ரத்தம். எப்ப வந்துச்சு?"

"ரெண்டு மாசமா வர்ல" என்றேன்.

"இத ஏன் நேத்தே அந்த டாக்டர்கிட்ட சொல்லல?"

"யாரும் கேக்கல."

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு ஓடினாள். தள்ளுவண்டி வந்தது. அவ்வளவுதான் நினைவு. குழாய் வெடித்து வயிறு முழுக்க ரத்தமாம். ஒரு பக்கக் குழாயை எடுத்துவிட்டார்கள். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் என்னையும் எடுத்துக்கொண்டுபோய்ப் புதைத்திருப்பார்கள். நாசூக்கு தெரியாத அந்தப் பெண் கத்தியதால் பிழைத்தேன். என் வாய் மோசம் என்று சொல்கிறவர்களுக்கு இதுதான் பதில். நாசூக்கு என்னை எங்கே கொண்டுபோய் விட்டது என்று எனக்குத் தெரியும்.

தையல் ஆறியதும் மாமியார், "பொடவ மாத்து, போலாம்" என்றாள். பூந்தமல்லி பஸ்ஸில் ஏறினோம்.

டாக்டரம்மா எங்களை மறக்கவில்லை. விஷயம் காதுக்குப் போயிருக்கிறது. நாங்கள் உட்காருவதற்கு முன்பே ஆரம்பித்தாள். "போன வெள்ளிக்கிழமைன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"ஆமா சொன்னேன். எண்ண தேச்சிகினு ஊத்திக்கினா. நீ இன்னா கேட்ட?"

"தலைக்கு ஊத்திக்கினது எப்போன்னு கேட்டேன். உங்க பாஷையிலதானேம்மா கேட்டேன்?"

"எங்க பாஷையா? எங்க ஊட்ல அதுக்குப் பேரு தூரம். தூரமானது எப்போன்னு கேட்டா சொல்லியிருப்பேன்ல? தலைக்கு ஊத்திக்கிறதுன்னா தலைக்குத் தண்ணி ஊத்திக்கிறது. இன்னாத்துக்கு எங்கள மாதிரி பேசற நீ? டாக்டரு மாதிரி பேசேன்!"

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "விவரம் தெரிஞ்சவங்களா இருந்தா நாள் பார்த்து வெச்சிருப்பீங்க. நான் என்ன பண்றது?" என்றாள். நல்ல தமிழில். பிறகு மணியை அடித்தாள். அடுத்தவளை உள்ளே கூப்பிட.

மாமியார் எனக்காகச் சண்டை போட்டாள் என்று உருகிவிடாதீர்கள். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் என் பக்கம் திரும்பினாள். "உனக்கும் வாயி இருந்திச்சில்ல? திரைக்குப் பின்னால ஊமச்சி மாரி படுத்துகினு இருந்த."

"நீ எங்க என்னிய பேச வுட்ட?" என்றேன். அவளிடம் நான் எதிர்த்துப் பேசிய முதல் வாக்கியம். அதற்குப் பிறகு நிறுத்தவே இல்லை. சோறு, துணி, தண்ணீர் எல்லாவற்றுக்கும் சண்டை. மிச்சமிருந்த ஒரு குழாயை வைத்துக்கொண்டு வேறு பிள்ளை எதுவும் தங்கவில்லை. அதற்கும் சண்டை.

இப்போது அந்த க்ளினிக் இல்லை. மெட்ரோ வேலைக்காகத் தோண்டிய பக்கத்தில் தகரத் தடுப்பு நிற்கிறது. எந்த இடத்தில் அந்த பெஞ்சு இருந்தது என்று என்னால் சரியாகக் காட்ட முடியவில்லை. அந்தம்மா மகனோடு வெளிநாட்டில் என்கிறார்கள், செத்துவிட்டாள் என்றும் சொல்கிறார்கள். அன்றைக்கு ஸ்கேன் சென்டரில் திவ்யாவிடம் யாரும் எதையும் கேட்கவே இல்லை. போனை நீட்டினாள், அதில் கடைசியாகத் தூரமான தேதி இருந்தது, கவுண்டர்காரி பார்த்துப் பதிந்துகொண்டாள். அந்தப் பேச்சே ஒழிந்தது. ஒழியட்டும். எனக்கு அதில் துளி வருத்தம் இல்லை.

வருத்தம் வேறு. என் வீட்டுக்காரருக்கு அந்த வருஷம் 'உனக்கு ஆபரேஷன் ஆன வருஷம்'. என் அம்மா வீட்டில் 'வயித்துக்கட்டி' என்று சொல்லி முடித்துக்கொண்டார்கள். அதை ஒரு பிள்ளை என்று கணக்கு வைத்திருந்தது ஒரே ஆள்தான். ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறக்கிற அன்று, தெருவில் பிள்ளைகள் பையை மாட்டிக்கொண்டு போகும்போது, மாமியார் உள்ளே அரிசி களைந்துகொண்டே சொல்வாள். "இருந்திருந்தா இப்ப ஒண்ணாவது." அடுத்த வருஷம், "இருந்திருந்தா ரெண்டாவது." ஒரு வருஷமும் தவறவில்லை. என்னைக் குத்தத்தான் சொல்கிறாள் என்று கத்துவேன். ஒருமுறை பாத்திரத்தைத் தூக்கிப் போட்டேன். அவள் நிறுத்தவில்லை. பத்தாவது எழுதும் என்றாள். காலேஜ் போவும் என்றாள்.

பங்குனியில் செத்துப்போனாள். இந்த ஜூனிலும் பள்ளிக்கூடம் திறந்தார்கள். வேன் போயிற்று, பிள்ளைகள் போனார்கள். நான் வாசலில் கொஞ்சநேரம் நின்றேன். உள்ளேயிருந்து சத்தம் வரவில்லை.