தோளைத் தட்டாதேங்கோ, மச்சான்

ஒரு குளிர்கால மாலையில், பேருந்தில், மச்சான் ஒரு சாம்பல் நிறப் பையை மடியில் வைத்து இரண்டு கைகளாலும் அணைத்துக்கொண்டு வந்ததுதான் எனக்கு முதலில் நினைவுக்கு வருகிறது. மருத்துவமனையில் இரவலாகக் கொடுத்த ஹெட்செட் அதற்குள் இருந்தது. பக்கத்து இருக்கையில் அவருடைய மகள் கண்ணாடியில் நெற்றியைச் சாய்த்துத் தூங்கிவிட்டாள். எங்கள் வீடு இருக்கும் பியர்பொன்ட்ஸ் வரும்வரை அவர் பிள்ளையைப் பார்த்ததைவிடப் பையைப் பார்த்ததே அதிகம். "அத்தான், இதோட எல்லாம் சரிவரும்" என்றார். எதுவும் இதோடு சரிவரும் என்று சொல்பவர்களைக் கண்டால் எனக்கு எப்போதும் எரிச்சல்தான்.

மச்சான் என் தங்கையின் கணவர்; என்னை அத்தான் என்றுதான் கூப்பிடுவார். ஒரே வீட்டில் மேல்மாடி அவர்களுக்கு, கீழ்ப்பகுதி எனக்கு. மகள் காது கேளாமல் பிறந்தவள். அறுவைச் சிகிச்சை செய்து, கேட்க உதவும் கொக்ளியர் கருவியை இரண்டு காதுகளுக்கும் பொருத்தியிருந்தார்கள். சத்தம் கேட்கும், ஆனால் அது எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று அவளால் பிடிக்க முடியவில்லை. அதைப் பழக்கத்தான் ஹெட்செட்டில் இருந்த விளையாட்டு. ஹெட்செட்டை மாட்டினால் அவள் ஒரு காட்டின் நடுவே நிற்பாள். எங்கோ மறைந்திருந்து ஒரு குருவி கூவும். அந்தப் பக்கம் திரும்பிக் கையை நீட்டினால் உள்ளங்கையில் வந்து உட்காரும். தெருமுனைப் பள்ளியில் சேரலாமா, நகரத்தின் மறுகோடியில் காது கேளாத பிள்ளைகளுக்காக உள்ள தனி வகுப்புக்குத்தான் போக வேண்டுமா என்பதை வசந்தத்தில் நடக்கும் பரிசோதனையைப் பார்த்துத்தான் மருத்துவமனையில் முடிவு செய்வதாக இருந்தார்கள்.

காதுக்குப் பின்னால் காந்தத்தால் ஒட்டியிருக்கும் கருவியின் வட்டை ஹெட்செட்டின் பட்டி அடிக்கடி தள்ளிவிடும். தங்கை பிள்ளையின் முடியை இரண்டு கொண்டையாகக் கட்டி, பட்டியை அவற்றுக்கு மேலே தூக்கி வைத்து அதைச் சமாளித்தாள். மச்சானைச் சமாளிக்கத்தான் வழி இருக்கவில்லை. பிள்ளை காண்பதெல்லாம் தொலைக்காட்சியிலும் தெரியும். குருவி இருக்கும் பக்கத்தில், பெற்றோர் பார்ப்பதற்காக, ஒரு சிவப்புப் பொட்டும் தோன்றும். அது யாருடைய யோசனையோ, அவருக்கு மச்சானைத் தெரியாது என்பது மட்டும் நிச்சயம். பொட்டு வலப்பக்கம் வந்தால் இவர் மகளின் வலத்தோளைத் தட்டுவார். இடப்பக்கம் என்றால் இடத்தோள். இதில் பிழை இருப்பதாகவே அவருக்குப் படவில்லை. அறுவைச் சிகிச்சைக்கு முன்பிருந்தே அவளை அந்த வீட்டில் கூப்பிடுவது அப்படித்தான்.

"தோளைத் தட்டாதேங்கோ, மச்சான். அவள் காதால கண்டுபிடிக்க வேணும்."

"பிள்ளை முழிச்சுக்கொண்டு நிக்குது. நான் சும்மா பாத்துக்கொண்டு இருக்கவோ?"

"ஓம். அதைத்தான் செய்யச் சொன்னவை."

"பிள்ளை பெத்திருந்தா உங்களுக்கு விளங்கும், அத்தான். பேந்து கதைப்பம்."

அதற்குப் பிறகு கொஞ்ச நாள் நான் மாடிப்பக்கம் போகவில்லை. இவள் தவறே செய்யாத பிள்ளை என்று நம்பிய விளையாட்டு தன்பாட்டில் கடினமாகிக்கொண்டே போனது. அருவி இரைந்தது, மழை கொட்டியது, குரங்குகள் கத்தின. மச்சானோ கோயிலில் கண்டவர்களிடம் எல்லாம் மகளின் மதிப்பெண்களைச் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

பரிசோதனை அன்று தங்கைக்கு வேலை. மச்சானை வெளியே இருக்கச் சொல்லிவிட்டதால் உள்ளே நான்தான் இருந்தேன். குருவி கூவியது. பிள்ளை அசையவில்லை. இரண்டு தோள்களையும் சற்று உயர்த்தியபடி நின்றாள். மறுபடியும் கூவியது. "அப்பா?" என்றாள். செவிப்பயிற்சி கொடுக்கும் பெண் என்னைத் திரும்பிப் பார்த்து, வீட்டில் யாராவது உதவி செய்கிறார்களா என்று பிரெஞ்சில் கேட்டார். அளவுக்கு மிஞ்சி, என்றேன்.

அடுத்த பள்ளியாண்டு முழுவதும் மஞ்சள் பள்ளிப் பேருந்து அவளை விடியமுன்னே ஏற்றிக்கொண்டு தனி வகுப்புக்குப் போனது. மச்சான் முதலில் கருவியைக் குறை சொன்னார், பிறகு மருத்துவமனையின் ஹெட்செட்டை, பிறகு அந்தப் பெண்ணை. என் தங்கை யாரோடும் வாதாடவில்லை. பயிற்சியை முதற்படியிலிருந்து மீண்டும் தொடங்கியபோது தொலைக்காட்சியை நிறுத்திவிட்டு, பிள்ளை விளையாடும் நேரமாகப் பார்த்துக் கணவாய் மீன் கழுவும் வேலையை அவரிடம் கொடுத்தாள். மை வழியும் கையால் யாருடைய தோளையும் தட்ட முடியாது. அந்தக் குளிர்காலத்தில் கணவாய்க் குழம்பு, கணவாய்ப் பொரியல், கணவாய்ப் பிரட்டல் என்று சாப்பிட்டு எனக்கு அலுத்தே போனது.

ஒரு மாலை பிள்ளை நெடுநேரம் அசையாமல் நின்றாள். மச்சானுக்குப் பொறுக்கவில்லை. "வந்திட்டுதோ? குருவி வந்திட்டுதோ?" என்று கணவாயும் கையுமாகக் குசினியிலிருந்து கத்தினார்.

"கதையாதேங்கோ, அப்பா! குருவியைக் கேக்க ஏலாமல் கிடக்கு."

பிறகு மெல்ல இடப்பக்கம் திரும்பி, அலுமாரிப் பக்கமாக உள்ளங்கையை விரித்து நீட்டினாள். தொலைக்காட்சி நிறுத்தியிருந்ததால் எங்கள் கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. அவள் சிரித்தாள். மச்சான் குழாயைத் திறந்து, கழுவி முடித்த கணவாயையே மறுபடியும் கழுவத் தொடங்கினார்.

இதெல்லாம் நடந்து சில ஆண்டுகள் ஆகின்றன. மச்சான் திருந்திவிட்டார் என்று எழுத எனக்கும் ஆசைதான். போன ஞாயிற்றுக்கிழமை லொங்குய்யிலிருந்து உறவினர் ஒருவர் வந்திருந்தார். பிள்ளை அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மேசையில் ஏதோ வரைந்துகொண்டிருந்தாள். "பிள்ளை இப்ப எந்தப் பள்ளிக்கூடம்?" என்று அவர் கேட்டார். "தெருமுனையில இருக்கிறதுதான், நல்லாப் படிக்கிறா" என்று மச்சான் முந்திக்கொண்டார். அவள் பென்சிலை வைத்துவிட்டு, நேராக விருந்தாளியின் பக்கம் திரும்பினாள்.

"அப்பா, இந்த மாமா என்னட்டையெல்லோ கேட்டவர்" என்றாள். பிறகு பள்ளி, வகுப்பு, ஆசிரியை எல்லாவற்றையும் முதலிலிருந்து தானே சொன்னாள்.

நான்தான் அவளுக்கு இதைச் சொல்லிக்கொடுத்தேன் என்பதுபோல மச்சான் என்னை முறைத்தார்.