வயிற்றின் வழியாகச் சாப்பிட்ட பிள்ளை

என் மகள் தர்ஷினி முதலில் அழவே இல்லை. வாயைத் திறந்தபடி நின்றாள். உதடு வெளுத்து, எச்சில் நூலாக வடிந்தது. காலடியில் ஒரு சோடா பாட்டில் கிடந்தது.

குளியலறை அடைப்பில் ஊற்ற, குமாரபாளையம் சாயப்பட்டறையிலிருந்து என் கணவர் கொண்டுவந்த காஸ்டிக் தண்ணீர் (சதையை அரிக்கும் காரம்) அதில் இருந்தது. அவளுக்கு அப்போது இரண்டு வயது.

பக்கத்து வீட்டு அக்கா உப்புத் தண்ணீரைப் புகட்டி வாந்தி எடுக்க வைத்தார். பிள்ளை பிழைத்துக்கொள்வாள் என்று நினைத்தோம்.

சேலம் மருத்துவமனையில் டாக்டர் அம்மா அதைத்தான் முதலில் கேட்டார்.

“வாந்தி எடுக்க வச்சீங்களா? உள்ள போறப்ப ஒருக்கா சுட்டுச்சு. வெளிய வர்றப்ப மறுக்கா சுட்டிருக்கு.”

இதைப் படிக்கும் பெற்றோர் இதையாவது நினைவில் வையுங்கள். வாந்தி எடுக்க வைக்காதீர்கள், குடிக்க எதுவும் கொடுக்காதீர்கள். வாயைத் துடைத்து, பாட்டிலையும் எடுத்துக்கொண்டு ஓடுங்கள். குடிக்கும் பாட்டிலில் இப்படி எதையும் வீட்டுக்குள் விடாதீர்கள்.

புண் ஆறியது. ஆறியதுதான் வினையானது. தழும்பு இறுகி ஸ்டிரிக்சர் (உணவுக்குழாய்ச் சுருக்கம்) வந்தது. எச்சிலைக்கூட விழுங்க முடியாமல் துப்பினாள். கேஸ்ட்ராஸ்டமி (வயிற்றில் துளையிட்டு இரைப்பைக்குக் குழாய் வைப்பது) செய்தார்கள். கஞ்சியை அதில் ஊற்றுவேன். வயிறு நிறையும், வாய் பசித்தே கிடக்கும்.

நாங்கள் கதவைச் சாத்திக்கொண்டு தின்றோம். வெளியே வந்ததும் என் வாயருகே மோந்து பார்ப்பாள்.

“அம்மா, நீ என்ன தின்ன?”

“ஒண்ணுமில்ல சாமி.”

“முட்ட தின்ன.”

கணவர் ஒருநாள் டாக்டரிடம் கேட்டார். “ஏனுங்க மேடம், என்ற தொண்டையை எடுத்துப் பிள்ளைக்கு வெக்க முடியாதுங்களா?”

“முடியாதுங்க” என்றார் அவர்.

மயக்கம் கொடுத்து டைலடேஷன் (சுருங்கிய குழாயைப் பலூனால் விரிப்பது) செய்வார்கள். சில வாரங்களில் மறுபடி இறுகும். சேலம் பஸ்ஸைப் பார்த்ததுமே என் கழுத்தைக் கட்டிக்கொள்வாள். “சோறு கேக்க மாட்டேன்மா. ஊட்டுக்குப் போலாம்.”

ஒன்றரை வருடம் கழித்து, டாக்டர் முன்னால், கரைத்த தயிர்சோறு ஒரு ஸ்பூன் ஊட்டினேன். விழுங்கினாள். உடனே சட்டையைத் தூக்கி வயிற்றைக் குனிந்து பார்த்தாள்.

“வந்துருச்சாம்மா?”

இப்போது குழாய் இல்லை. விரிப்பது மட்டும் நிற்கவில்லை. ஒரு விரிப்பிலிருந்து அடுத்த விரிப்பு வரைக்கும்தான் எங்கள் நாட்கணக்கு. நான் சாப்பிடும்போது ஒவ்வொரு கவளமும் நெஞ்சுக்குள் இறங்குவது தெரிகிறது. அப்படியொரு வழி என் உடம்பில் இருப்பதே முன்பு எனக்குத் தெரியாது.