காப்புக்கு முன்னே கிளம்பிய ஆயம்மாள்

"அதெல்லாம் கெடையாது. காப்பு கட்டறதுக்கு முன்னாடியே அவங்க எல்லையத் தாண்டிட்டாங்க" என்றாள் குஞ்சம்மாள். குழாயடியில் அவள் குடம் நிரம்பி வழிந்தது. அவள் அதைக் கவனிக்கவில்லை.

எதிரே செந்தமிழ்ச்செல்வி இடுப்பில் கைவைத்து நின்றாள். "பறச்சத்தம் ஊருக்கே கேட்டுச்சு யக்கா. அதுக்கப்புறந்தான் ஆயம்மா பையத் தூக்கிக்கினு பஸ்ஸுக்கு நின்னுச்சு. நானே பாத்தேன். காப்பு கட்டுன ஊர வுட்டுட்டுப் போயி மலையில தங்குனா மாரியாத்தா சும்மா வுடுவாளா? வாரிக்கினா. அவங்க மருமவ ராதிகா இந்த ஆடிக்குக் கோயில்ல பொங்கல் வெக்கக் கூடாது. தெருவுல எல்லாருக்கும் இதே பேச்சுதான்."

களமருதூரில் அம்மனுக்குக் காப்பு கட்டிவிட்டால், அதை அவிழ்க்கும்வரை ஊரார் யாரும் வெளியூரில் இராத் தங்கக் கூடாது. போக வேண்டியவர்கள் முன்னதாகவே போய்விடலாம், அதில் குற்றமில்லை. போன ஆடியில் அப்படித்தான் ஆயம்மாள் போனாள். கல்வராயன் மலையில் சிநேகிதி சின்னப்பொண்ணு வீட்டில், திருவிழா முடிவதற்குள் தூக்கத்திலேயே இறந்துபோனாள். மகன் தெய்வசிகாமணி விடிந்ததும் மலையேறி, அங்கேயே மண் போட்டுவிட்டு, பொழுது சாய்வதற்குள் ஊர் திரும்பினான்.

ஆயம்மாள் பார்க்காத ஊர் ஏது? புருஷன் போனபின் பக்கத்து வீட்டுக் குஞ்சம்மாளையும் நடவு ஆட்களையும் சேர்த்துக்கொண்டு தஞ்சாவூர் போனாள். கரும்பு வெட்ட மைசூர்ப் பக்கம், மிளகாய் பறிக்கக் குண்டூர். குண்டூரில் ஒரு தடவை லாரிக்காரன் இவர்களை நடுவழியில் இறக்கிவிட்டுப் போய்விட்டான். ஆயம்மாள் ரோட்டுக்குக் குறுக்கே கையை விரித்து நின்று ஒரு கல்யாண பஸ்ஸையே நிறுத்திவிட்டாள். அந்தப் பஸ் இன்றைக்கும் குஞ்சம்மாளின் கனவில் வரும். உள்ளே மல்லிகை வாசம். கல்யாணப் பெண்ணின் பக்கத்தில் ஆயம்மாள் உட்கார்ந்திருப்பாள். அவளுக்குத் தெலுங்கு தெரியாது, பெண்ணுக்குத் தமிழ் தெரியாது, இருவரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். பஸ் எங்கும் நிற்காமல் மிளகாய்க் காட்டின் சிவப்புக்குள் மிதந்துகொண்டே போகும். நிஜத்தில் அன்று கல்யாணச் சாப்பாட்டை ஒரு கை பார்த்துவிட்டுத்தான் எல்லோரும் காட்டுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். அந்தக் காட்டில்தான் சின்னப்பொண்ணு பழக்கமானாள். "எங்க மலைக்கு ஒருவாட்டி வாக்கா" என்று பிரியும்போது சொன்னாள்.

மழைவிட்ட சாயங்காலங்களில் மேற்கே நீலமாகத் தெரியும் அந்த மலைக்கு மட்டும் ஆயம்மாள் போனதில்லை. அங்கே அவளை யாரும் வேலைக்குக் கூப்பிடவில்லை.

"போன ஊரயெல்லாம் குனிஞ்சே பாத்தேன் குஞ்சி" என்பாள். "தஞ்சாவூருன்னா சேறு, குண்டூருன்னா செடி. ஒரு ஊரயாவது நிமிந்து நின்னு பாக்கணும்."

அதற்குள் கண்ணில் பூ விழ ஆரம்பித்தது. மேற்கு மங்கியது. மகனிடம் கேட்டால், "திருநாளு முடியட்டும்மா, நானே இட்டுக்கினு போறேன்" என்பான். அறுப்பு முடியட்டும் என்றதும் அவன்தான்.

குஞ்சம்மாள் குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்தாள். "நீங்க கேட்டது காப்புக்கு அடிச்ச பறை இல்லடி. என் வூட்டுக்காரரு பின்னால வைக்கோலக் கொளுத்திப் பறையக் காய்ச்சிக்கினு இருந்தாரு. தோலு இறுகிச்சான்னு தட்டிப் பாத்த சத்தம் அது."

"அவ்ளோ நேரமா?"

"ஆடி மழையில தோலு ஊறிக் கெடந்தா நேரமாவாதா? இன்னா கேள்வி கேக்கற. ராதிகா பொங்கல் வெப்பா. அவ பானைக்குப் பக்கத்துலதான் என் பானை. வந்து எடுத்துப் போடறவங்க ரெண்டையும் எடுத்துப் போடுங்க."

செந்தமிழ்ச்செல்வி தன் குடத்தைக் குழாய்க்கடியில் தள்ளினாள்.

ஆயம்மாள் கிளம்பிய அன்று நடந்ததில் பாதியைத்தான் குஞ்சம்மாள் சொன்னாள். அவள் புருஷன் பாவாடையின் பறை போய்ச் சேராமல் கோயிலில் காப்பு கட்ட மாட்டார்கள். தோலோ எப்போதோ இறுகிவிட்டிருந்தது. ஆயம்மாள் பையோடு வேலியோரம் வந்து, "தம்பி, கள்ளக்குறிச்சி வண்டி இன்னும் வரலயே. நீ கெளம்பிடுவியா?" என்றாள்.

பாவாடை அவள் பையைப் பார்த்தார். இன்னொரு பிடி வைக்கோலை நெருப்பில் போட்டார். "பஸ் வர்ற வரைக்கும் தோலு காயாதுக்கா."

அவர் தட்டினார், காதை வைத்துக் கேட்டார், மறுபடியும் காய்ச்சினார். கோயிலிலிருந்து ஆள்மேல் ஆள் வந்து கூப்பிட்டுப் போனார்கள். புகை இரண்டு வீட்டுக்கும் நடுவே வெள்ளையாகப் படர்ந்தது.

ஆயம்மாள் திரும்பப்போய் விளக்கு மாடத்தைத் தொட்டுக் கும்பிட்டாள். தூங்கும் பேரனின் போர்வையை இழுத்துவிட்டாள். அப்புறம் நிலைப்படியில் தலை இடிக்காமல் குனிந்து, வாசலைத் தாண்டியதும் நிமிர்ந்து, புகைக்குள் நடந்து போனாள்.