ஒரு யூனிட் கேட்டால் பதினோரு பேர்

இன்று காலை கோவையில், பிரசவத்துக்குச் சேர்ந்த ஒரு பெண்ணுக்கு அவசரமாக ஒரு யூனிட் ஓ நெகட்டிவ் ரத்தம் தேவைப்பட்டது. எங்கள் ரத்ததானக் குழுவில் அந்த வகை ரத்தம் உள்ளவர்களை ஒவ்வொருவராக மெசேஜில் கேட்க நான் எழுதிய புரோகிராமை ஓடவிட்டேன்.

ஒருவர் சம்மதித்ததும் அடுத்தவரைக் கேட்காமல் நிறுத்த, அதில் 'பிரேக்' என்று ஒரு கட்டளை எழுதியிருக்க வேண்டும். மறந்துவிட்டேன். அது பட்டியல் முடியும்வரை எல்லோரையும் கேட்டிருக்கிறது.

ஆஸ்பத்திரியில் பதினோரு பேர்!

"ஏனுங்க, ஒரு யூனிட்டுதானுங்களே கேட்டோம்?" என்று நர்ஸ் சிரித்தார்.

மன்னிப்புக் கேட்டேன். வெள்ளகோவிலிலிருந்து பஸ்ஸில் வந்திருந்த ஓர் அக்கா நகரவில்லை. "இத்தனை தூரம் வந்துபோட்டுச் சும்மா போறதுங்களா? எடுத்து வெச்சுக்கங்க, நாளைக்கு யாருக்காச்சும் ஆகுமுங்க."

மற்றவர்களும் வரிசையில் உட்கார்ந்துவிட்டார்கள்.

மதியம் பெண் குழந்தை. இருவரும் நலம்.

பிரேக்கைச் சேர்த்துவிட்டேன், அரைமனதாக. எடுத்துவிடலாமா, சொல்லுங்கள்?