மீட்டர் பெட்டி வரைக்கும் ஊரைத் தெரிந்த தேவராஜ் அண்ணன்

தேவராஜ் அண்ணன் போயிட்டார்.

காலையில பால் பாக்கெட்டை வெட்டிக்கிட்டு இருந்தப்போ மீன் விக்கிற வசந்தா அக்கா போன். "மார்க்கெட்டுக்கு ஆளக் காணுமேன்னு விசாரிச்சேன்மா... நெஞ்சு வலியாம். விடியக்காலையிலயே முடிஞ்சிடுச்சாம்." அடுப்பை அணைச்சிட்டு அப்படியே உட்கார்ந்துட்டேன்.

இப்போ கடலூர்ல அவர் வீட்டுக்குப் போயிட்டு சிதம்பரம் திரும்புற பஸ்ல இருந்து டைப் பண்றேன். ஆலப்பாக்கம் தாண்டியாச்சு.

அவர்கிட்ட நான் ஒரு மன்னிப்பு கேட்க வேண்டியிருந்தது. ரெண்டு வருஷமா "அடுத்த வாரம் பாத்துக்கலாம்"னு தள்ளிக்கிட்டே வந்தேன்...

தெரியாதவங்களுக்குச் சொல்றேன். கடலூர் தேவனாம்பட்டினத்துல ஞாயிற்றுக்கிழமை காலையில நான் ஒரு walking tour நடத்திட்டு இருந்தேன். மீனவர் தெருக்கள், பழைய கோட்டைச் சுவர், கடைசியில பீச். நடுவுல நாலு வீட்டுல சாப்பாடு. அதுக்கு கைடு தேவராஜ் அண்ணன்.

ரிட்டையர் ஆகுற வரைக்கும் அந்தப் பக்கம் வீடு வீடா கரண்ட் மீட்டர் ரீடிங் எடுத்தவர். "ஊரு நல்லா தெரியுமாண்ணே?"ன்னு முதல் நாள் கேட்டேன்.

"எல்லா வீட்டுக்கும் போயிருக்கேம்மா. ஆனா மீட்டர் பெட்டி வரைக்கும்தான். அதுக்கு அந்தாண்ட என்னா இருக்குதுன்னு ஒரு வீட்டுலயும் தெரியாது."

அதைத் தெரிஞ்சிக்கத்தான் இந்த வேலைக்கே வந்தார்னு நினைக்கிறேன். சம்பளம் எவ்வளவுன்னு கூடக் கேட்கல.

ஒரு தடவை பச்சைக் கதவு போட்ட ஒரு வீட்டு முன்னாடி திடீர்னு நின்னுட்டார். பின்னாடி பாண்டிச்சேரியில இருந்து வந்த பதினாலு பேர். "இந்த வூட்டுல பதினோரு மணிக்கு என்னமோ வறுப்பாங்க சார். வாசனை ஆளையே தூக்கும். ரீடிங் எடுத்துட்டு அப்படியே போயிடுவேன், ஒரு நாளும் கேட்டதில்ல." சொல்லி முடிக்கிறதுக்குள்ள கதவைத் தட்டிட்டார்!

காய்ஞ்ச குட்டி இறால், அதான் கூனி, அதை மிளகாய், பூண்டோட வறுத்துப் பொடி பண்ணுவாங்களாம். அந்த வீட்டம்மா சுடுசோத்துல போட்டு நெய் விட்டு ஒரு தட்டு கொண்டுவந்தாங்க. அண்ணன் ஒரு வாய் வச்சிட்டு, "ஓ... இதுவா அது"ன்னார். அந்த முகத்தை நான் போட்டோ எடுக்கல. முட்டாள்.

யார் என்ன கேட்டாலும் "தெரியலையே சார், வாங்க கேட்டுப் பாப்போம்"தான் பதில். ரெண்டு மணி நேர நடை நாலு மணி நேரம் ஆகும். கூட வர்றவங்க வெயில்ல வதங்கிப் போயிடுவாங்க.

ஒருத்தர் நெட்ல ஒரே ஒரு ஸ்டார் போட்டு "கைடுக்கு எதுவுமே தெரியவில்லை"ன்னு எழுதிட்டுப் போனார். எனக்கு சுர்ருனு ஏறிடுச்சு. ராத்திரியோட ராத்திரியா எட்டுப் பக்கம் ஸ்கிரிப்ட் எழுதி அண்ணன் கையில திணிச்சேன். கிடைச்ச தகவல் கொஞ்சம்... கிடைக்காத இடத்துல நானே சேர்த்தது கொஞ்சம். கொஞ்சம் இல்ல, நிறையவே.

அவர் மெதுவா எல்லாத்தையும் படிச்சார். "இதெல்லாம் நெசமாம்மா?"

"சொல்லுங்கண்ணே, யாரு செக் பண்ணப் போறாங்க?"

மனப்பாடம் பண்ணிட்டு வந்தார். ரெண்டு வாரம் சரியான நேரத்துக்கு முடிஞ்சது, நல்ல ரிவ்யூ வந்தது. ஒரு கதவையும் தட்டல. நான் அதைக் கவனிக்கவும் இல்ல.

மூணாவது வாரம் வசந்தா அக்கா வீடு. திருப்பாதிரிப்புலியூர் மார்க்கெட்ல மீன் விக்கிறவங்க, ஞாயிறுல மட்டும் எங்களுக்கு சமைச்சுக் கொடுப்பாங்க. அன்னைக்குக் கணவாய் மிளகு வறுவல். எல்லார் தட்டுலயும் வச்சாச்சு. அண்ணன் தொண்டையைச் செருமிக்கிட்டு ஆரம்பிச்சார்: "இது டச்சுக்காரங்க கப்பல் சமையல்காரர் இந்த ஊருக்கு விட்டுட்டுப் போன பக்குவம்..."

"எந்த டச்சுக்காரன்?" கரண்டியோட வெளியே வந்தாங்க வசந்தா அக்கா. "நான் போன மாசம் யூடியூப்ல பாத்து கத்துக்கினது!"

தெருவே சிரிச்சது. நானும்தான் சிரிச்சேன்.

அண்ணன் என்னை ஒரு தடவை பார்த்தார். நான் போனைப் பார்த்தேன்.

"ஆமாங்க... நான்தான் ஏதோ அளந்து வுட்டுட்டேன்"னு அவரும் சிரிச்சார். எழுதினது நான்னு ஒரு வார்த்தை சொல்லல. பக்கத்துலயே நின்னுக்கிட்டிருந்த நானும் சொல்லல.

அடுத்த ஞாயிறு "முட்டி வலிம்மா"ன்னார். அதுக்கப்புறம் வரவே இல்ல. ஆறு மாசத்துல நானும் டூரை நிறுத்திட்டேன்.

இன்னைக்கு அவர் தெருமுனையில மார்க்கெட் நண்பர்கள் வச்ச பிளெக்ஸ். வெள்ளைச் சட்டையில அண்ணன். கீழே பெரிய எழுத்துல...

"டச்சு" தேவராஜ்.

வசந்தா அக்கா பக்கத்துல வந்து நின்னாங்க. "நான்தாம்மா ஆரம்பிச்சது. மீன் வாங்க வந்தா 'வாங்க டச்சு'ம்பேன். அப்புறம் மார்க்கெட்டே அப்படித்தான் கூப்புட்டுச்சு. ஒரு நாளும் கோச்சிக்கினது இல்ல."

உள்ளே அவர் வீட்டுக்காரம்மா என் கையைப் பிடிச்சிக்கிட்டாங்க. "நீயும் அன்னைக்கு இருந்தியாமே. ஒரு பொய் சொல்ல வராதும்மா அவுருக்கு. ஏன் அப்படிச் சொன்னீங்கன்னு எத்தனையோ தடவ கேட்டுட்டேன். சிரிப்பாரு, அவ்ளோதான்."

"அது நான் எழுதிக் கொடுத்தது அக்கா"ன்னேன். "அவர் கேட்டார், நிஜமான்னு. நான்தான் சொல்லச் சொன்னேன்."

திட்டுவாங்கன்னு நினைச்சேன். என் கையை விட்டுட்டு, என் பின்னாடியே உள்ளே வந்திருந்த வசந்தா அக்கா பக்கம் திரும்பி,

"கேட்டியா வசந்தா"ன்னு மட்டும் சொன்னாங்க.

போயிட்டு வாங்கண்ணே. என்னை மன்னிச்சிடுங்க.